சியோலைட்டில் அமரும் செம்பு: வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்

சென்ற குறுவை அறுவடையின்போது, கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் லாரி உடையவரான உறுப்பினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். உர அறையில் அடுக்கியிருந்த மூட்டைகளை நோக்கிக் கையை நீட்டி, "ஐயா, வயலுக்கு இடுவதும் யூரியா; என் வண்டியில் டீசல் தொட்டிக்குப் பக்கத்திலுள்ள சிறு தொட்டியில் ஊற்றுவதும் யூரியா என்றுதான் எழுதியிருக்கிறது. இதில் ஒரு மூட்டையைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றிக்கொண்டால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று வினவினார். "கூடாது" என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் காரணம் கூறாத தடையை எவரும் நெடுநாள் மதிப்பதில்லை. ஆகவே அவருக்கு நாம் நேரிற் சொன்னதைச் சற்று விரித்து, உறுப்பினர் அனைவருக்குமாக இங்கே எழுதுகின்றோம்.

சட்டத்தை முதலிற் சொல்லிவிடுவோம். அரசு மானியத்துடன் வரும் யூரியாவை வேளாண்மையன்றிப் பிறவற்றுக்குத் திருப்புதல் 1985-ஆம் ஆண்டு உரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றமாகும். 2015 முதல் நாட்டில் விற்கப்படும் வேளாண் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசப்படுவதற்கும் இது ஒரு காரணம். ஆனால் நாம் பேசப் புகுந்தது சட்டத்தைப் பற்றியன்று. சட்டமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கரைசல் வண்டியைக் கெடுக்கும். ஏன் கெடுக்கும் என்பதை அறிய, லாரியின் அடியிலிருந்து அன்று, நம் வயற்களிமண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

காவிரி கொணர்ந்து பரப்பிய வண்டலில் களி மிகுதி. களியின் ஒவ்வொரு துணுக்கும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் அடுக்காகும். அத்தகடுகளில் எதிர்மின்னேற்றம் இயல்பாகவே அமைந்துள்ளது. அதை ஈடுசெய்ய நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள், அதாவது சுண்ணாம்பின் கால்சியம், மக்னீசியம், சாம்பற்சத்தான பொட்டாசியம், சோடியம் ஆகியவை, தகடுகளின் மேல் ஒட்டி நிற்கின்றன. ஒட்டி நிற்கின்றனவே அன்றி ஒட்டிப் பிணைந்துவிடவில்லை. வேறோர் அயனி வந்தால் இருந்தது எழுந்து இடம் கொடுக்கும். இதனை அயனிமாற்றம் என்பர். இங்கிலாந்தின் யார்க்ஷயர் நாட்டு வேளாளரான தாம்சன் என்பார் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை மண்ணின் வழியே வடியவிட்டபோது, அடியில் வந்தது அம்மோனியம் சல்பேட்டாக இல்லை, கால்சியம் சல்பேட்டாக இருக்கக் கண்டார். தாமஸ் வே என்னும் இரசாயனர் அதனை ஆராய்ந்து 1850-இல் விரிவாக எழுதினார். நாம் இடும் உரத்தின் அம்மோனியா நம் வயலில் நிற்பதும், நைட்ரேட்டாக மாறியபின் எதிர்மின்னேற்றம் பெற்று நீரோடு இறங்கிவிடுவதும் இக்காரணத்தால்தான்.

செம்பை வைத்து இதனைக் கண்ணாலேயே காணலாம். ஐயம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்துக் கொடிக்கால்காரர் வீடுகளில் மயில் துத்தம் இருக்கும். அதில் ஒரு சிட்டிகையை நீரிற் கரைத்தால் நீலமாகும். அடியில் துளையிட்டுத் துணி வைத்த மண்கலயத்தில் உலர்ந்த களிமண்ணைப் பொடித்து நிரப்பி, இந்நீலநீரை மெல்ல ஊற்றுக. கீழே வடிவது நிறமற்று வரும். செம்பு மண்ணில் தங்கிவிட்டது; அதற்கு ஈடாகக் கால்சியம் வெளியேறிற்று. (முழுவதும் அயனிமாற்றம் என்று சொல்லிவிடலாகாது. மண்ணிற் சுண்ணாம்பு இருப்பின் செம்பின் ஒரு பகுதி கரையாத உப்பாகவும் படியும்; மக்கும் தன் பங்குக்குப் பற்றிக்கொள்ளும்.) இரட்டை மின்னேற்றம் கொண்ட செம்பை மண் இறுகப் பற்றுகிறது. ஆதலின், வெற்றிலைக்கொடிக்கு ஆண்டுதோறும் அடிக்கும் போர்டோக் கலவையின் செம்பு வாய்க்கால் நீரில் அடித்துச் செல்லப்படுகிறது என்று நினைப்பது தவறு. அது மேல்மண்ணின் சில அங்குலத்திலேயே சேர்ந்துகொண்டு வருகிறது. கொடிக்காலை அழித்து வேறு பயிர் வைக்கும் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இனிச் சியோலைட். 1756-இல் சுவீடன் நாட்டுக் கிரான்ஸ்டெட் என்பார் ஒருவகைக் கல்லைச் சுடரிற் காட்டியபோது அது பொங்கிக் கொதிப்பதுபோல் நீராவியை விட்டது. கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும்படி அதற்குச் சியோலைட் என்று பெயரிட்டார். நம் நாட்டில் பூனா, நாசிக் பக்கத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் இக்கற்கள் அழகிய படிகங்களாக விளைகின்றன. சிலிக்கன், அலுமினியம், பிராணவாயு ஆகிய மூன்றின் அணுக்கள் சட்டம் சட்டமாகக் கோத்து அமைந்த மாளிகை எனலாம். மாளிகை நெடுகிலும் ஒரே அளவுள்ள அறைகள். அறைக்கு அறை ஒரே அளவுள்ள சாளரங்கள். சிலிக்கன் இருக்கவேண்டிய இடத்தில் அலுமினியம் ஒன்று அமர்ந்தால், அவ்விடத்தில் ஓர் எதிர்மின்னேற்றம் தோன்றும். அதனை ஈடுசெய்ய ஒரு நேர் அயனி அறைக்குள் தங்கவேண்டும். களிமண்ணின் தகடுகள் நீரில் விரிந்தும் சுருங்கியும் உருமாறும். சியோலைட்டின் சுவரோ அசையாது. 1858-இல் ஐக்கோர்ன் என்பார் சாபசைட் முதலிய சியோலைட்டுகளும் களியைப்போலவே அயனிகளை மாற்றிக்கொள்கின்றன என்று காட்டினார். இந்தச் சாபசைட் என்னும் பெயரை நினைவில் வைத்திருங்கள். லாரியின் அடியில் மீண்டும் அதனைச் சந்திப்போம்.

நெசவாளர்க்கு இக்கல்லின் உறவு மிகப் பழையது. கச்சாப் பட்டின் பசையைச் சோப்பு நீரிற் கொதிக்க வைத்து நீக்குகையில், நீர் கடினமாயிருந்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடித் திரிதிரியாய்ப் படியும். அத்திரி நூலில் ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாது, திட்டுத்திட்டாய் நிற்கும். சோடியம் நிரம்பிய சியோலைட்டின் வழியே நீரை விட்டால், கால்சியம் உள்ளே தங்கிச் சோடியம் வெளிவரும், நீர் மென்னீராகும். களைத்துப் போன கல்லைச் செறிந்த உப்புநீரிற் கழுவினால் சோடியம் மறுபடி ஏறிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாயச்சாலைகள் கையாண்ட முறை இதுவே. இன்று அவ்விடத்தைப் பெரும்பாலும் செயற்கைப் பிசின் மணிகள் பிடித்துக்கொண்டன. ஆனால் சலவைத்தூளில் சியோலைட் இன்றும் கலக்கப்படுகிறது. உப்புநீரிற் கழுவும் இச்செய்தியிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. அயனிமாற்றத்தில் பற்றின் வலிவு மட்டும் வெல்வதில்லை. கூட்டத்தின் பெருக்கமும் வெல்லும். சோடியத்தைக் காட்டிலும் கால்சியத்தை விரும்பும் கல்கூட, சோடியம் வெள்ளமாய் வந்தால் கால்சியத்தைக் கைவிடுகிறது.

இதே காரணத்தால் நாகை, வேதாரணியம் கரையோரத்து இறால் பண்ணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குளத்து அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும் என்று சொல்லிச் சியோலைட் மூட்டைகள் விற்கப்படுகின்றன. நன்னீரில் அது ஓரளவு உண்மை. கடல்நீரிலோ, லிட்டருக்கு ஏறத்தாழ 10,800 மில்லிகிராம் சோடியம் உள்ளது. தொல்லை தரும் அம்மோனியா ஒன்றிரண்டு மில்லிகிராமே. உப்புநீர்க் குளத்தில் தூவிய சியோலைட்டின் இருக்கைகளைச் சோடியமே நிரப்பிவிடும். அம்மோனியாவுக்கு இடம் மிகச் சொற்பம். அப்பணத்தைக் காற்றோட்டச் சக்கரத்துக்கும் தீனியை அளவோடு போடுவதற்கும் செலவிடுதல் மேல் என்பது நம் கருத்து.

செம்புக்குத் திரும்புவோம். சோடியச் சியோலைட்டைச் செம்பு உப்பின் கரைசலில் ஊறவைத்தால் செம்பு உள்ளே குடிபுகும். புகுந்தபின் அது எந்த நிலையில் இருக்கிறது? அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்ட வினா இது. இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. ஈரமாயிருக்கும்போது இரட்டை மின்னேற்றமுள்ள செம்பு தன்னைச் சுற்றி நீர்மூலக்கூறுகளைப் போர்வையாகப் போர்த்துக்கொண்டு அறை நடுவே உலவுகிறது. சுவரை நேரே தொடுவதில்லை. வெளிர்நீலம் அந்தப் போர்வையால் வருவது. சூடேற்றினால் போர்வை கழன்றுவிடும். அப்போது செம்பு சுவரின் பிராணவாயு அணுக்களையே பற்றிக்கொள்ள வேண்டிவருகிறது. இதற்கு இருவகை இருக்கை உண்டு. இரண்டு அலுமினியம் அருகருகே இருந்தால் அவற்றின் இரு எதிர்மின்னேற்றத்துக்கும் ஈடாக ஒரே செம்பு நன்கு அமர்கிறது. அலுமினியம் ஒன்றே உள்ள இடத்தில், மிஞ்சிய ஓர் ஏற்றத்தைத் தணிக்க ஹைட்ராக்சில் என்னும் துணையை இழுத்துவைத்துக்கொண்டு அமர்கிறது. இரண்டாம் வகை எளிதிற் கிளர்ச்சியுறும். பிராணவாயு இல்லாத சூழலில் 400 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால், எவரும் எதுவும் கலவாமலே அதில் ஒரு பகுதி ஓர் ஏற்றத்தை இழந்து ஒற்றை மின்னேற்றச் செம்பாகிவிடுகிறது. இவை யாவற்றுக்கும் வெளியே கெட்ட நிலை ஒன்றுண்டு. இருக்கை இழந்த செம்புகள் ஒன்றுகூடிக் கறுப்பான ஆக்சைடுத் துகளாகத் திரண்டுவிடுதலே அது. திரண்டது பெரும்பாலும் பழைய வேலைக்கு உதவாது.

கண்ணால் காணவொண்ணாத இச்செய்திகளை எங்ஙனம் அறிந்தனர் எனக் கேட்கலாம். செம்பணுவில் 29 எலெக்ட்ரான்கள். இரண்டு இழந்தால் 27. அது ஒற்றைப்படை எண்; ஆகவே இணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று தனித்து நிற்கும். ஒன்று மட்டும் இழந்தால் 28, யாவும் இணைந்துவிடும். இணையற்ற எலெக்ட்ரான் காந்தப்புலத்தில் நுண்ணலைக்கு விடை தரும் என்பதை 1944-இல் கசான் நகரத்துச் சவோய்ஸ்கி கண்டார். அம்முறையில் இரட்டையேற்றச் செம்பு பேசும். ஒற்றையேற்றச் செம்பு ஊமை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு செம்புகள் நெருங்கி அமர்ந்தால் ஒன்றன் குரலை மற்றொன்று அடக்கிவிடும். ஆகவே எக்ஸ்கதிர் உறிஞ்சலையும் பார்க்கவேண்டியதாயிற்று. ஏற்றம் குறைந்த செம்பு சற்றுக் குறைந்த ஆற்றலிலேயே கதிரை உறிஞ்சத் தொடங்கும். நம் நாட்டில் இத்தகைய ஆய்வுக்கு இந்தூரிலுள்ள இண்டஸ்-2 என்னும் பெருங்கருவி பயன்படுகிறது. செம்பைச் சியோலைட்டிற் புகுத்தும் வேறொரு வழியும் நம் நாட்டில் ஆராயப்பட்டது. பூனா தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் பால் ரத்தினசாமி முதலியோர், துணி அச்சுக்காரர் அறிந்த நீலநிறப் பொருளான செம்புத் தாலோசயனினையே சியோலைட்டின் அறைக்குள் அடைத்து வினையூக்கியாக்கிப் பார்த்தனர்.

இப்பொழுது லாரியின் அடிக்குச் செல்வோம். எஞ்சினின் கடும்வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரிக் ஆக்சைடு முதலிய நச்சு வாயுக்களாகின்றன. இவற்றைச் செம்பேறிய சியோலைட் சிதைக்கும் என்பதை ஜப்பானில் இவாமோட்டோ குழுவினர் 1986-இல் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட இசட்.எஸ்.எம்.-5 என்னும் சியோலைட், புகைக்குழலின் வெப்பத்தையும் நீராவியையும் நெடுநாள் தாங்கவில்லை. சட்டத்திலிருந்து அலுமினியம் கழன்று, செம்பு இருக்கையிழந்தது. பின்னர் சாபசைட்டின் அமைப்பையே கொண்ட எஸ்.எஸ்.இசட்.-13 என்னும் செயற்கைச் சியோலைட் வந்து அவ்விடத்தைப் பிடித்தது. அதன் சாளரம் ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அதில் 3.8 கூறு அளவே. சாளரம் குறுகியதால் கழன்ற துண்டுகள் எளிதில் வெளியேற இயலவில்லை, மாளிகையும் நின்றது. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஆறாம் நிலை விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்பட்ட கனரக டீசல் வண்டிகள் பலவற்றில் இவ்வகைச் செம்புச் சியோலைட் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின்மேல் பூசப்பட்டுள்ளது. இரும்பையோ வனேடியத்தையோ கொண்டவையும் உண்டு.

அங்கே நிகழ்வது இது. சிறுதொட்டியின் யூரியாக் கரைசல் சூடான புகையில் தெளிக்கப்பட்டு அம்மோனியாவாகிறது. அம்மோனியாவும் நைட்ரிக் ஆக்சைடும் கூடிச் செம்பைத் தொட, இரட்டையேற்றச் செம்பு ஒற்றையேற்றம் ஆகிறது. நச்சு வாயு தீங்கற்ற நைட்ரஜனும் நீரும் ஆகிறது. பிறகு பிராணவாயு வந்து செம்பை மறுபடி இரட்டையேற்றமாக்குகிறது. தறியின் நாடா இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஓடினாலன்றித் துணி நீளாதது போல, செம்பு இவ்விரு நிலைக்குமிடையே ஓடிக்கொண்டே இருந்தாலன்றிப் புகை தூய்மையாவதில்லை. இதில் வியப்பான ஒன்றைப் பிற்காலத்தில் கண்டனர். 200 டிகிரியளவான மிதச்சூட்டில், ஒற்றையேற்றச் செம்பு இரண்டு அம்மோனியாவைப் போர்வையாக்கிக்கொண்டு சுவரைவிட்டு எழுந்து நகர்கிறது. தனியாக ஒன்றால் பிராணவாயுவைப் பிடித்துப் பிளக்க முடியவில்லை. இரண்டு செம்புகள் ஒரே அறையிற் கூடியே அதனைச் செய்கின்றன. கூட்டுறவுப் பத்திரிகைக்கென்று நாம் கற்பித்துச் சொல்வதன்று இது. 2017-இல் வெளிவந்த ஆய்வின் முடிபு.

ஆக, அந்தக் கட்டியின் உயிர் செம்பின் இருக்கையிலும், அது நிலைமாறும் உரிமையிலும் அடங்கியுள்ளது. இனி உறுப்பினரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். கிணற்று நீரில் யூரியா கரைக்கப்படுகிறது. இந்தியத் தரநிறுவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதெனக் குறித்த கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். அது முழுவதும் கால்சியத்தால் வந்ததாயின் கால்சியம் 80 மில்லிகிராம் ஆகும். கரைசலில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, எஞ்சிய 67.5 பங்கு நீர். ஆகவே கிலோவுக்கு 54 மில்லிகிராம் கால்சியம் தொட்டிக்குள் போகிறது. வண்டிக் கரைசலுக்கான ஐ.எஸ்.ஓ. 22241 தரவிதி அனுமதிப்பதோ கிலோவுக்கு அரை மில்லிகிராம்! குடிக்க நல்ல நீரே நூறு மடங்குக்கு மேல் மிகை. நம் கரையோரக் கிணறுகளின் உவர்நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. இந்தக் கால்சியமும் சோடியமும் முழுமையும் கட்டியை அடைவதில்லை; தெளிக்கும் மூக்கிலும் குழலிலும் வெள்ளையாய்ப் படிந்து அடைப்பது ஒரு பகுதி. அடைந்த பகுதி செய்யும் வேலையை உறுப்பினர்கள் இப்போது தாமே சொல்லிவிடுவர். சாயச்சாலையில் உப்புநீர் செய்த அதே வேலைதான். அலுமினியத்தின் அருகே உள்ள இருக்கையிலிருந்து செம்பை எழுப்பிவிட்டுத் தாம் அமர்ந்துகொள்ளும். இருக்கை இழந்த செம்பு கறுத்த ஆக்சைடாய்த் திரளும். சாயச்சாலையில் கழுவி மீட்டோம். இங்கே கழுவி மீட்க வழியில்லை.

மூட்டை யூரியாவின் குறைகள் தனி. வேப்பெண்ணெய்ப் பூச்சு நீரிற் கரையாது, வடிகட்டியைப் பிசுக்காக்கும். யூரியாவை உருக்கி மணியாக்கும்போது பையூரெட் என்னும் துணைப்பொருள் சிறிது உண்டாகிறது. வண்டிக் கரைசலில் அது நூற்றுக்கு 0.3 பங்குக்கு மிகலாகாது. மிகுந்தால் குழலிற் கட்டிதட்டும். கலப்படமான டீசலும் இவ்வாறே பகை. ஆறாம் நிலை டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே இருக்கலாம். மிகுந்த கந்தகம் செம்போடு கூடி, நம் மயில் துத்தத்துக்கு உறவான நிலையில் அதனைக் கட்டிவைத்துவிடும். நாடா ஓட்டம் நின்றுபோகும். கடும்சூட்டில் இதில் ஒரு பகுதி விடுபடும் என்பது சிறு ஆறுதல்.

சந்தையில் அடையாளமில்லாத கேன்களில் மலிவாக விற்கும் கரைசலைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். விற்பவர் ஒளிமுறிவுக் கருவியைக் காட்டி, "பாருங்கள், 32.5 சரியாக நிற்கிறது" என்பார். அக்கருவி யூரியாவின் செறிவை மட்டுமே கூறும். எந்த நீரிற் கரைத்தார்கள் என்று கூறாது. முத்திரை உடையாத, ஐ.எஸ்.ஓ. 22241 குறியும் தயாரித்த தேதியும் உள்ள கேனையே வாங்குக. நிழலில் வைத்திடுக. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரம் ஆகியவற்றாலான பாத்திரத்தில் ஊற்றற்க. கரைசல் அவற்றை அரித்து உலோகத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லும். புனலைக் கிணற்று நீரில் அலசிவிட்டு அப்படியே வைத்தல் நல்லோர் பலரும் அறியாது செய்யும் பிழை. அலசியபின் கரைசலிலேயே ஒருமுறை கழுவி அதனைக் கொட்டிவிடுக. தவறான கரைசலை ஊற்றிவிட்டதாக நினைவு வந்தால் எஞ்சினை இயக்காமலே தொட்டியை வடித்துவிடுதல் நலம். இயக்கியபின் வடிப்பதால் பயன் பாதியே.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நம் லாரிக்காரர் எழுந்து போகும்போது, "அப்படியானால் கேனில் மிஞ்சிப் பழசானதை என்ன செய்வது? வயலுக்காவது ஆகுமா?" என்று கேட்டார். ஆகும். வேறெதுவும் கலவாத கரைசலாயின் அதன் ஒரு கிலோவுக்கு 15 லிட்டர் நீர் சேர்த்தால் நூற்றுக்கு 2 பங்கு யூரியாக் கரைசல் கிடைக்கும். நெற்பயிரின் இலைமேல் மாலையில் தெளிக்கலாம். பையூரெட் குறைந்ததாதலால் இலை கருகும் அச்சமும் குறைவு. புதிதாக வாங்கி அவ்வாறு தெளிப்பதற்கு விலை கட்டாது.